தண்ணீர் போன வழி

2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைச்சரிவிலுள்ள கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டியது. 500 மில்லிமீற்றர் என்றால் சதுர மீற்றருக்கு 500 லீற்றர். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறை ஒன்றின் கூரைமேல் மட்டும் ஏறக்குறைய 5,500 லீற்றர் தண்ணீர் விழும் கணக்கு அது. அதில் பெரும்பகுதி கானிலும் ஓடையிலும் ஓடிப்போய்விடும். மிச்சம் செங்கல்லுக்குள்ளும் சாந்துக்குள்ளும், மெத்தைக்குள்ளும், அலமாரியின் முதுகுப் பலகைக்குள்ளும் தங்கிவிடும். இந்த அத்தியாயம் அப்படித் தங்கிவிடும் தண்ணீரைப் பற்றியது.

நனைந்த சுவரில் பூஞ்சணம் முளைக்கத் தொடங்க ஒன்றிரண்டு நாள் போதும். கண்ணுக்குத் தெரிய ஒரு கிழமை, பத்து நாள் ஆகலாம். அமெரிக்காவில் 2005 ஓகஸ்ட் மாதம் கத்ரீனா சூறாவளியால் நியூ ஓர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. ஒக்டோபரில் அந்தப் பகுதியில் 112 வீடுகளைச் சோதித்தபோது 46 சதவீதமானவற்றில் பூஞ்சணம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. மாத்தளைக்கு இதற்குப் புயல்கூடத் தேவையில்லை. ஒக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்கும். அது ஓய்வதற்குள் வடகீழ்ப் பருவமழை வந்துவிடும். தை பிறக்கும்வரை ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத்து வீடுகளில் அலமாரியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அந்த மக்கிய வாடை எல்லோருக்கும் பழக்கமானது. பழகிப்போனதுதான் சிக்கல். “மலைநாடு என்றால் இப்படித்தான்” என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

பூஞ்சணத்தின் வித்திகள் இல்லாத வீடு உலகத்தில் கிடையாது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு அளவேயுள்ள அவை காற்றோடு வந்து, படுக்கையிலும் புத்தகத்திலும் சுவரிலும் படிந்துகொண்டே இருக்கும். தின்ன அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கடதாசி, பலகை, பருத்தித் துணி, தலையணையில் ஊறிய வியர்வை, வண்ணப்பூச்சில் உள்ள பசை, சுவரில் ஒட்டிய தூசி, எதுவானாலும் சரி. நமக்கு இதமான 25 பாகை, 28 பாகை வெப்பம் அவற்றுக்கும் இதமானது. ஆக, வித்தியைத் தடுக்க முடியாது, உணவைத் தடுக்க முடியாது, வெப்பத்தையும் மாற்ற முடியாது. மனிதன் கைவைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர். சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றின் சாரீரப்பதன் 80 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பெரும்பாலான வீட்டுப் பூஞ்சணங்கள் வளரும். அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் உறங்கும். கூரை ஒழுகாத வீட்டிலும், சொட்டு நீர் படாத சுவரிலும் கறுப்புப் புள்ளி வருவது ஏன் என்பதற்கு விடை இந்த 80இல் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 27 கிராம் நீராவியைத் தாங்கும். மழைக்காலத்தில் அறைக் காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதம் என்று வைத்தால், அதில் உள்ள நீராவி 20 கிராம் அளவு. 80க்குக் கீழேதானே, பயமில்லை என்று தோன்றும். ஆனால் மண்மேட்டை ஒட்டிய பின்சுவர் 24 பாகையில் குளிர்ந்து கிடக்கிறது. 24 பாகையில் காற்று தாங்குவது 22 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே 20 கிராம் இப்போது 90 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. வெறும் நான்கு பாகை வித்தியாசம், பூஞ்சணத்துக்கு வீடு கிடைத்துவிட்டது. அலமாரிக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டில், சுவரும் சுவரும் சந்திக்கும் மூலையில் அது முதலில் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அங்கே காற்று அசைவதில்லை, சுவரும் குளிர்ந்தே இருக்கும்.

அந்த நீராவியின் ஒரு பகுதி மழையிலிருந்து வருவதல்ல, நம்மிடமிருந்தே வருவது. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் மூச்சு, வியர்வை, சமையல், குளியல், துணி காயப்போடுவது எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 10 லீற்றர் அளவு நீர் வீட்டுக் காற்றில் கலக்கலாம். சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி பிறக்கும். யன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே கொடி கட்டித் துணி காயப்போடுவது மழைக்காலத்தில் தவிர்க்க முடியாத பழக்கம். ஆனால் அந்தத் துணியிலிருந்து போன தண்ணீர் சுவரில்தான் ஏறியிருக்கும். இஸ்தோப்பில் கூரைக்கடியில் காயப்போடுவது மேல், எத்தனை நாள் ஆனாலும்.

இப்போது லயத்தைப் பாருங்கள். முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட இரட்டை லயங்களில் ஓர் அறையின் பின்சுவர் அடுத்த குடும்பத்தின் பின்சுவர். அதில் யன்னல் வைக்க வழியில்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால்தான் ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். ஒரே கதவு, ஒரே சிறு யன்னல், இரண்டும் முன்பக்கம் என்றால் உள்ளே போன காற்று அங்கேயே முடங்கிவிடும். ஒற்றை லயங்களில் பின்யன்னல் சாத்தியம்தான். ஆனால் அங்கே பின்பக்கத்து மண்வெட்டு சுவரை நெருங்கி நிற்கும், இடையிலுள்ள கான் மண்ணும் இலையும் நிறைந்து அடைத்துக் கிடக்கும். மழைத்தண்ணீர் அத்திவாரத்தில் இறங்கிச் சுவருக்குள் மேலேறும். மேலே தகரம்: இரவில் திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, அறைக் காற்றைவிடக் குளிர்ந்து, அதன் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று தாரை ஒட்டி ஒட்டி அலுத்துப்போனவர்கள் உண்டு. ஓட்டையே இல்லாத தகரமும் விடியற்காலையில் சொட்டும். தகரத்துக்கடியில் ஒரு தட்டி அடித்து இடைவெளி விட்டால் அது குறையும்.

ஆகவே சுவரைத் துடைப்பதற்கு முன் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு பொலித்தீன் தாள் போதும். சுவரின் ஓர் இடத்தைத் துணியால் ஒற்றி உலர்த்தி, ஓரடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது: யன்னல், அடுப்பு, துணிக்கொடி பக்கம் கவனம் வேண்டும். சுவரைப் பார்த்த பக்கத்தில் துளி இருந்தால் சுவருக்குள்ளேயே தண்ணீர் நிற்கிறது: கூரை, பீலி, கான், குழாய் பக்கம் தேட வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளையாகப் பொருக்குவிட்டு நிற்பது பல நேரம் பூஞ்சணமே இல்லை. அது உப்பு. தரையிலிருந்து ஏறிய நீர் ஆவியாகும்போது தான் கரைத்துக் கொண்டுவந்த உப்பைச் சுவரில் விட்டுப்போகிறது. விரலால் நசுக்கினால் நறநறக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரையும். பூஞ்சணம் கரையாது, இழுத்தால் மையாக அப்பும். உப்புக்குக் குளோரின் ஊற்றுவது வீண்செலவு. அது சுட்டிக்காட்டுவது நிலத்தடி ஈரத்தை.

ஈரத்தை வெளியே நிறுத்தும் கலையில் இந்த மாவட்டத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு அனுபவம் இருக்கிறது என்பதை மாத்தளைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். தம்புள்ளைக் குகை விகாரைக்குப் போகிறவர்கள் உள்ளேயிருக்கும் ஓவியங்களையும் சிலைகளையும் பார்க்கிறார்கள். உள்ளே போவதற்கு முன் அண்ணாந்து பாறையின் நெற்றியைப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே குகை வாயின் நீளத்துக்கும் ஒரு விளிம்பு செதுக்கப்பட்டிருக்கிறது. மழைநீர் பாறையின் மேல் வழிந்து வரும்போது உடனே கீழே விழுந்துவிடுவதில்லை. பரப்பிழுவிசையால் பாறையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாக உள்நோக்கி ஊர்ந்து வரும். அந்தச் செதுக்கு விளிம்பில் படலம் அறுகிறது. அதற்குமேல் ஊர வழியில்லாமல் நீர் சொட்டாகித் திரண்டு குகைக்கு வெளியே விழுகிறது. பெரிய பொறியோ இரசாயனமோ இல்லை. சரியான இடத்தில் ஓர் உளிக்கோடு. சுமார் 2,100 சதுர மீற்றர் ஓவியப் பரப்பு அந்தக் குகைகளுக்குள் இருக்கிறது. சீகிரியாவின் அடிவாரப் பாறைக் குகைகளிலும் இதே விளிம்பைக் காணலாம்.

இப்போது உங்கள் யன்னலுக்கு மேலுள்ள கொங்கிரீட் தட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெளி விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, விரல் அகலத்தில் ஒரு பள்ளம் ஓட வேண்டும். பல வீடுகளில் அது இருக்காது. கொத்தனார் மறந்திருப்பார், அல்லது பூசும்போது மூடிவிட்டிருப்பார். அந்தப் பள்ளம் இல்லாததால் மழைநீர் தட்டின் அடியில் ஊர்ந்து யன்னல் சட்டத்துக்கு மேலே சுவருக்குள் இறங்கும். உள்ளே யன்னலின் மேல்மூலையில் தோன்றும் கறுப்புத் திட்டுக்கு இது ஒரு பொதுவான காரணம். பள்ளத்தை வெட்டிவிடலாம், அல்லது விளிம்பில் ஒரு மெல்லிய தகடோ சட்டமோ ஒட்டி நீர் சொட்டும்படி செய்யலாம். அரைநாள் வேலை.

தண்ணீரின் வழியை அடைத்த பிறகுதான் துடைப்பது. நாம் காணும் கறுப்பு பூஞ்சணத்தின் வித்திப் பகுதி. அதன் இழைகள் சாந்துக்குள்ளும் பலகைக்குள்ளும் இறங்கியிருக்கும். ஈரம் தொடர்ந்தால், மேலே மட்டும் துடைப்பது அறுகம்புல்லின் நுனியைக் கிள்ளிவிடுவது போலத்தான். இரண்டு கிழமையில் திரும்பி வரும்.

ஒரு சதுர மீற்றர் அளவுக்குள் உள்ள திட்டை வீட்டுக்காரரே துப்புரவாக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள் அந்த வேலை நடக்கும் நேரத்தில் அங்கே இருக்கக்கூடாது. கொரோனாக் காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான என்95 முகக்கவசம் வேண்டும். சாதாரண மருத்துவக் கவசம் ஓரங்களில் காற்றை விடும். இறப்பர்க் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் தேவை. வெள்ளம் ஏறிய வீடென்றால் காலுக்கு பூட்ஸும், கையில் காலில் காயம் இருந்தால் நன்றாக மூடிய கட்டும் அவசியம். 2004 சுனாமியில் இலங்கையில் காயப்பட்டு உயிர்தப்பிய ஒருவரின் காயங்களில் மியூக்கர் வகைப் பூஞ்சணம் தொற்றியதை 2005இல் லான்செட் மருத்துவ இதழ் பதிவுசெய்தது. அபூர்வமானது, ஆனால் கொடியது.

உலர்ந்த பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டுவது மிக மோசமான செயல். இலட்சக்கணக்கான வித்திகள் காற்றில் எழும். மின்விசிறியை அதன்மேல் திருப்புவதும் அப்படியே. முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிட வேண்டும். ஓடு, கண்ணாடி, வண்ணம் பூசிய இரும்பு போன்ற நீர் உறிஞ்சாத பரப்புகளுக்குச் சவர்க்காரமே பெரும்பாலும் போதும். கழிவுநீர் கலந்த வெள்ளம் பட்ட இடங்களுக்குக் குளோரின் திரவம் தேவைப்படும்: ஒரு பங்குக்குப் பதினைந்து பங்கு தண்ணீர், கதவு யன்னல் திறந்தபடி. குளோரின் பூஞ்சணத்தைக் கொல்லும், நிறத்தை வெளுக்கும். ஆனால் செத்த பூஞ்சணமும் தும்மலையும் இழுப்பையும் கிளப்பும். அதனால் வெளுத்துவிட்டது என்று விடாமல் துடைத்து எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை உரத்த குரலில் சொல்லியாக வேண்டும். குளோரின் திரவத்தோடு வேறு எதையும் கலக்காதீர்கள். கழிவறை கழுவும் திரவங்களில் பல அமிலம். வினாகிரியும் தேசிக்காயும் அமிலம். இவற்றில் எது குளோரின் திரவத்தோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு பிறக்கும். முதலாம் உலகப் போரில் 1915இல் ஈப்ரே போர்க்களத்தில் படைகளைக் கொன்ற அதே வாயு. அமோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின் பிறக்கும், அதுவும் நுரையீரலை அரிக்கும். “இரண்டையும் கலந்தால் நல்லாப் போகும்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாலும், யன்னலில்லாத அறையில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

கூரையின் அஸ்பெஸ்டஸ் தகட்டில் படிந்த கறுப்பையும் பாசியையும் கம்பித் தூரிகையால் சுரண்டக்கூடாது. பூஞ்சணத்தைவிடப் பல மடங்கு ஆபத்தான நார் அதிலிருந்து எழும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரக்கூடியது. அதை அப்படியே விடுவதே நல்லது. உடைந்தால் நனைத்துத் தூக்கி மாற்ற வேண்டும்.

மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த கதிரை ஆகியவற்றில் பூஞ்சணம் ஊறிவிட்டால் காப்பாற்ற முயல வேண்டாம். வறிய வீட்டில் மெத்தையை எறியச் சொல்வது எளிதல்ல என்று தெரியும். அதனால்தான் வெள்ள நிவாரணத்தில் அரிசி பருப்போடு மெத்தையும் சேர வேண்டும் என்கிறேன். உணவிலும் இதே கண்டிப்பு வேண்டும். மிளகும் சாதிக்காயும் விளையும் மாத்தளையில், பூஞ்சணம் பிடித்த சரக்கைத் துடைத்து வெயிலில் போட்டுக் குசினிக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணத்தின் சில வகைகள் உண்டாக்கும் அஃபிளாடொக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்கு தின்ற ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோதுதான் அது கண்டறியப்பட்டது. சமைத்தாலும் அது முழுதாக அழியாது.

காகிதத்துக்கு மட்டும் வேறு வழி உண்டு. பிறப்புச் சான்றிதழும், அடையாள அட்டையும், காணிப் பத்திரமும் மலையக மக்களுக்கு எத்தனை போராட்டத்தின் பின் கிடைத்தவை என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. நனைந்த பத்திரத்தைத் தேய்க்காதீர்கள், வெயிலில் விரிக்காதீர்கள். ஒட்டிய தாள்களை வலிந்து பிரிக்காதீர்கள். வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, தாளை மாற்றி மாற்றி, நிழலில் காற்றுப்படும்படி உலர்த்துங்கள். கட்டுக் கட்டாக இருந்து நேரம் போதாவிட்டால், பையிலிட்டு யாராவது ஒருவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடலாம். உறைந்த நிலையில் பூஞ்சணம் வளராது. நூலகங்கள் வெள்ளத்துக்குப் பின் செய்வதும் இதைத்தான். இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும்.

‘கறுப்புப் பூஞ்சணம்’ உயிரைக் குடிக்கும் என்ற பீதி ஒரு பக்கம் உண்டு. 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கைக்குழந்தைகளின் நுரையீரல் இரத்தக்கசிவுக்கு ஸ்டாக்கிபொட்ரிஸ் என்ற கறுப்பு வகையே காரணம் என்று சொல்லப்பட்டது. 2000இல் அந்த ஆய்வுகளை மறுபரிசீலனை செய்த அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. நிறத்தைப் பார்த்து நஞ்சை அளக்க முடியாது. எந்த இனம் என்று பரிசோதிக்கப் பணம் செலவழிப்பதும் வீட்டுக்காரருக்குத் தேவையற்றது. எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதே நேரம் உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாச நோய்களும் கூடுகின்றன என்பதற்குப் போதிய சான்று இருப்பதாகச் சொல்கிறது. இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் எல்லையை அதனால் வகுக்க முடியவில்லை. பிள்ளையின் இருமல் வீட்டில் கூடி, வெளியூர் போனால் குறைந்தால், மருத்துவரிடம் மருந்து கேட்கும்போதே சுவரைப் பற்றியும் சொல்லுங்கள்.

சுவர் காய நாளாகும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டிடக்காரர்களின் பருமட்டான கணக்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் முழுதாய் நனைந்தால் பாதி வருடம் தாண்டலாம். அதற்குள் பளபளக்கும் பிளாஸ்டிக் வண்ணத்தைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும், வண்ணம் கொப்பளிக்கும், பூஞ்சணம் அதன் பின்னால் தொடரும். பழைய சுண்ணாம்பே மேல். அதன் காரத்தன்மை பூஞ்சணத்துக்கு ஒத்துவராது, சுவரும் அதனூடே மூச்சுவிடும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேரச்சேர அந்தக் காரம் குறைந்துபோகும் என்பதால் வருடந்தோறும் அடிக்க வேண்டியிருக்கிறது. நம் பெரியவர்கள் பண்டிகைக்குப் பண்டிகை வெள்ளையடித்ததில் அழகுக்கும் மேலான பயன் இருந்தது. மாத்தளையில் மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் ஓடும் காலம் மழை குறைந்த காலமும்கூட. கான் தோண்டவும் தகரம் மாற்றவும் சுண்ணாம்பு அடிக்கவும் அதைவிட நல்ல மாதம் கிடையாது.

ஆனால் கானும் தகரமும் யாருடையவை? இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பூஞ்சணம் படர்ந்த வாடகை வீட்டில் நீண்டகாலம் வாழ்ந்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தந்தை 2017இலேயே முறையிட்டிருந்தார். வீட்டு உரிமையாளர் தரப்பு மேலே வண்ணம் பூசிக்கொள்ளச் சொன்னது. அந்தக் குழந்தையின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. 2025 ஒக்டோபர் 27 முதல், சமூக வாடகை வீடுகளில் அபாயமான ஈரம் பற்றி முறைப்பாடு வந்தால் உரிமையாளர் பத்து வேலைநாட்களுக்குள் ஆய்வு செய்தாக வேண்டும். உயிராபத்தான அவசரநிலை என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். இங்கே லயத்தில் இருப்பவர்களுக்கும் அறையும் நிலமும் சொந்தமில்லை. பெரும்பாலான தோட்டக் காணிகள் 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளின் குத்தகையில் இருக்கின்றன. இரட்டை லயத்தின் பின்சுவரில் எந்தத் தாயும் யன்னல் வெட்ட முடியாது. அவளிடம் போய் “வீட்டைத் துப்புரவாக வைத்திரு” என்று சொல்வது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை.

லயத்திலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்கள் எழுத்தில் கேளுங்கள். தோட்ட அலுவலகத்துக்கோ வீட்டு உரிமையாளருக்கோ ஒரு கடிதம், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதிகள், திகதியோடு எடுத்த படங்கள், உங்கள் கையில் ஒரு நகல். கடிதத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள்: எந்தத் தகரம், எந்தக் கான், எந்தச் சுவர் என்று.